கோடையில் வற்றும் குளங்களும் மீனுக்கு வேண்டிய ஒழுங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலை மாவட்டத்துக் குளங்களின் கோடைகால மீன்பிடி குறித்துத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க அனுமதி வேண்டுகிறேன். சிறுபோக வேளாண்மைக்காகத் துருசு (குளத்து மதகு) திறக்கப்பட்டு, வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து நீரை உறிஞ்சும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில், கந்தளாய், வென்றரசன் குளம், முதலிக்குளம் முதலிய பெருங்குளங்களிலும், தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கத்துச் சிறு குளங்களிலும் அலைகரை நாளுக்கு நாள் பின்வாங்கிக்கொண்டே போகிறது. மாரியில் பல ஏக்கருக்குப் பரவி வாழ்ந்த மீன்கள் யாவும் துருசடியிலும் பழைய ஆற்றுப் பள்ளங்களிலும் நெருங்கி ஒதுங்குவது அப்போதுதான். வலைக்கும் தூண்டிலுக்கும் அவை மிக எளிதாக அகப்படுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் எந்த மீனை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும், எந்த இடத்தில் கைவைக்கவே கூடாது என்பது பற்றி நம்மிடம் எழுதப்பட்ட ஒழுங்கும் குறைவு. நடைமுறையில் உள்ள ஒழுங்கு அதைவிடக் குறைவு. இக்கடிதத்தின் பொருள் அதுவே.

இதைப் பற்றி எழுதத் தூண்டியது ஆடி, ஆவணி விடுமுறையில் குளக்கட்டுகளில் காணும் காட்சி. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊருக்கு வரும் எங்கள் பிள்ளைகள் நல்ல சுழல் தூண்டில்களோடு வந்து, உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டில் நின்று மீன் பிடிக்கிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியது. குளத்தையும் மீனையும் அறியாமல் வளரும் தலைமுறைக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிக்கரையில் மீனை அளவுப் பலகையில் கிடத்தி, ஒரு சென்ரிமீற்றர் கூடினாலும் திரும்ப விட்டுவிடும் அதே பிள்ளை, இங்கே பிடிபட்டதெல்லாவற்றையும் வாளியில் போடுகிறது. அதற்குக் காரணம் பிள்ளையின் குணமன்று. அங்கே கேட்பதற்குச் சட்டமும் ஆளும் இருக்க, இங்கே கேட்பாரில்லை.

ஒன்ராறியோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு கோடையில் அந்த ஏரிகளின் மீன்பிடியை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே எல்லோரும் தேடிப்போகும் மீன் வோல்ஐ. பொன்னிறம் கலந்த பச்சை உடம்பும், கூரிய பற்களும், கையில் எடுத்துச் சரித்துப் பார்த்தால் பூனைக் கண்ணாக ஒளிரும் பெரிய விழியும் கொண்டது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளி எதிரொளிக்கும் படலமே அந்த ஒளிர்வைத் தருகிறது. மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் இரையைக் காண அதுவே உதவுகிறது. அதனால் கோடையில் வோல்ஐ உச்சி வெயிலில் ஆழத்திலோ நீர்த்தாவரங்களின் நிழலிலோ ஒதுங்கிக் கிடந்து, விடியற்காலையிலும் அந்தியிலும், காற்றடித்து நீர் அலையும் வேளையிலும் மேடான இடங்களுக்கு ஏறி இரை தேடும். ஏரி நீரும் கோடையில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலே இளஞ்சூடான அடுக்கும், கீழே குளிர்ந்த அடுக்கும், இடையில் வெப்பம் சட்டென்று மாறும் மெல்லிய அடுக்கும் அமைகின்றன. கோடை முதிர முதிர அடி அடுக்கில் ஒட்சிசன் குறைந்துபோவதால், மீன் நிற்கக்கூடிய ஆழம் குறுகிக்கொண்டே வரும். அனுபவமுள்ள தூண்டில்காரர் நீர்த்தாவரங்கள் முடியும் விளிம்பையும், நடு ஏரியில் நீருக்கடியில் மறைந்திருக்கும் மேட்டையும் அறிந்து, அட்டையையோ மண்புழுவையோ கோத்து மெதுவாக இழுப்பார்கள். நீர் குறைந்து ஒடுங்கும் நம் குளத்திலும், அடுக்குப் பிரிந்து ஒடுங்கும் அவர்கள் ஏரியிலும் கோடை செய்வது ஒன்றே: மீனின் வீடு சிறுத்துவிடுகிறது.

அந்த நிலையை அறிந்துதான் அவர்கள் ஒழுங்கு வகுத்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் மீன்பிடி உரிமம் இரண்டு வகை. பொதுவாக, முழு உரிமத்துக்கு நான்கு வோல்ஐ வரை வைத்திருக்கலாம். கட்டணம் குறைந்த பாதுகாப்பு உரிமத்துக்கு அதிலும் குறைவு. வடபகுதி வலயங்கள் பலவற்றில் அந்த நான்கில் ஒன்றுக்கு மேல் 46 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. பெரிய வோல்ஐ பெரும்பாலும் பெட்டை. அதன் வயிற்றில் உள்ள முட்டைகளே அடுத்த தலைமுறை. பனி உருகும் இளவேனிலில் அவை கூழாங்கல் பரப்பில் முட்டையிடும் காலத்தைத் தவிர்க்கவே பல இடங்களில் வோல்ஐ பிடி மே மாத நடுப்பகுதியில் தொடங்குகிறது. கனடாவில் வசிப்போரில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் அறுபத்தைந்தைத் தாண்டியோருக்கும் உரிமம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளையின் கையிலுள்ள தூண்டிலைப் பறிக்காத சட்டம் அது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

சின்ன மீன்களைப் பற்றி அவர்கள் கற்ற பாடம் நமக்கு இன்னும் நெருக்கமானது. புளூகில், கிராப்பி, பேர்ச் போன்ற, ஒரு பொரியல் சட்டிக்கு அளவான மீன்களே அங்கே பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் முதற்பிடி. எண்ணிக்கையில் அவை மிகுதி என்பதால், எவ்வளவு எடுத்தாலும் குறையாது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். புளூகில் ஆண் மீன் கோடைத் தொடக்கத்தில் ஆழமற்ற கரையோரத்தில் வாலால் விசிறி வட்டக் குழி செய்து, பெட்டை இட்ட முட்டைகளைக் காவல் காத்து நிற்கும். குழியை விட்டு விலகாத, அருகே வரும் எதையும் கடித்து விரட்டும் மீன், தூண்டிலுக்கு இலகுவாக அகப்படுவதில் வியப்பில்லை. பெரிய காவல் ஆண்களையே தெரிந்து தெரிந்து எடுத்துக்கொண்டு போனபோது, அவற்றின் அச்சுறுத்தல் நீங்கிய இளம் ஆண்கள் வளர்வதற்கு முன்பே இனப்பெருக்கத்துக்கு முதிர்ந்தன. உணவு உடல் வளர்ச்சிக்குச் செல்லாமல் இனப்பெருக்கத்துக்குச் சென்றது. ஏரியில் மீன் நிறைய இருந்தும் உள்ளங்கை அளவைத் தாண்டிய மீன் அரிதாகிவிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் புளூகில் உள்ளிட்ட சன்பிஷ் இனங்களுக்கு நாளொன்றுக்கு இருபது என்றிருந்த வரம்பு, 2021 முதல் தெரிந்தெடுக்கப்பட்ட பல ஏரிகளில் பத்தாகவோ ஐந்தாகவோ குறைக்கப்பட்டது இதன் பொருட்டே.

இதை வாசிக்கும் எவருக்கும் நம் திலாப்பியா நினைவுக்கு வரும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் இன்று நம் குளத்து மீன்பிடியின் முதுகெலும்பு. அதன் ஆணும் கரையோரச் சேற்றில் வட்டக் குழி தோண்டிக் காவல் நிற்கும். பெட்டையோ முட்டைகளை வாய்க்குள் வைத்து, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை இரையின்றிச் சுமக்கும். கந்தளாய்க் கட்டில் காலையில் வலை கழற்றும் இடத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்: கண்ணியில் சிக்கிய பெட்டையைப் பிடித்து இழுக்கும்போது அதன் வாயிலிருந்து கடுகைவிடப் பெரிய மஞ்சள் முட்டைகள் தோணியின் பலகையில் சிந்தும், சில வேளை கண் மட்டும் தெரியும் குஞ்சுகளும் துடித்துக்கொண்டு விழும். அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த மீனைக் கழற்றுவார்கள். நீர் மட்டம் ஏறியிறங்கும் குளங்களில் திலாப்பியா சிறு பருவத்திலேயே சினைப்படும் இயல்புடையது. பெரியவற்றை நாம் ஓயாமல் வடித்தெடுத்தால் அந்த இயல்பு இன்னும் வலுப்படும். சந்தையில் கூறு கட்டி விற்கப்படும் திலாப்பியாவின் அளவு வரவரச் சிறுத்துவிட்டதென்று பெண்கள் குறைபட்டுக்கொள்வதை நான் கேட்கிறேன். அந்தக் குறையைக் காலநிலையின் தலையில் மட்டும் சுமத்துவது சரியாகாது.

விராலின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. விரால் நம்மவர்க்கு மருந்து மீன், பத்தியத்துக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தேடி வாங்கும் மீன், விலையும் அதற்கேற்றது. அது முட்டையிட்டபின் தாய் தந்தை மீன்கள் குஞ்சுகளை விட்டுப் பிரிவதில்லை. நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கை அகலத்துக்குக் கொப்புளித்துக்கொண்டு நகரும் குஞ்சுக்கூட்டத்தைக் கண்டால், அதன் கீழே பெரிய விரால் நிற்கிறதென்று தூண்டில்காரர் அனைவருக்கும் தெரியும். கூட்டத்தின் நடுவில் தவளையையோ செயற்கை இரையையோ இழுத்தால், பசியில்லாவிட்டாலும் குஞ்சைக் காக்கும் வெறியில் அது பாய்ந்து கவ்வும். அந்த ஒரு விராலை வாங்கிப் போகிறவர் அறியாதது, அன்று மாலைக்குள் அந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதி கெளிற்றுக்கும் பறவைகளுக்கும் இரையாகிவிடும் என்பது. ஒரு மீனுக்காக ஒரு கூட்டத்தையே இழக்கும் இந்தப் பிடியைத் திறமை என்று புகழ்ந்து படம் எடுத்துப் பரப்புவது எனக்கு வேதனையைத் தருகிறது. குஞ்சோடு நிற்கும் விராலுக்குத் தூண்டில் போடுவதில்லை என்று நம் தூண்டில்காரர் தமக்குள் முடிவு செய்தால், அதற்குச் சட்டமும் தேவையில்லை, செலவும் இல்லை.

"நாங்கள் சாப்பாட்டுக்குப் பிடிக்கிறோம், வெள்ளைக்காரனின் பொழுதுபோக்குச் சட்டம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அங்கும் எல்லாம் பொழுதுபோக்கு அன்று என்பதை மினசோட்டாவின் ரெட் லேக் ஏரியின் வரலாறு காட்டுகிறது. அந்த மாநிலத்துக்குள் முழுமையாக அடங்கும் ஏரிகளில் மிகப் பெரியது அது. அதன் பெரும்பகுதி ஒஜிப்வே ஆதிக்குடியினருக்கு உரியது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917இல், உணவுத் தட்டுப்பாட்டைப் போக்குவதற்காக அங்கே வலைத்தொழில் தொடங்கியது. தலைமுறைகளாகக் குடும்பங்கள் அந்த வோல்ஐ மீனாலேயே வாழ்ந்தன. வலைக்காரர் தம் பகுதியில் அள்ள, தூண்டில்காரர் தம் பகுதியில் அள்ள, 1990களின் நடுப்பகுதியில் வோல்ஐ ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. வேறு எவருக்கும் முன்பாக வலையைக் கரையேற்றியவர்கள் ஆதிக்குடி மீனவர்களே. 1997இல் தாமாகவே தொழிலை நிறுத்தினார்கள். 1999இல் ஆதிக்குடி அரசும் மாநில அரசும் நடுவண் அரசின் பணியகமும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டு, ஏரி முழுவதிலும் வோல்ஐ பிடிப்பதை நிறுத்தின. 1999, 2001, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் விடப்பட்டன. 2006இல் ஏரி மீண்டும் திறக்கப்பட்டபோது மீன் திரும்பியிருந்தது. குஞ்சு விட்டதால் மட்டும் அது நடக்கவில்லை. விட்ட குஞ்சு பெரிதாகி முட்டையிடும் வரை வலையும் தூண்டிலும் சேர்ந்தே பொறுத்திருந்ததால் நடந்தது. நம் குளங்களிலும் ஆண்டுதோறும் மீன்குஞ்சு விடும் விழாக்கள் நடக்கின்றன, படங்களும் பத்திரிகைகளில் வருகின்றன. அதன்பின் அந்தக் குஞ்சுகளுக்கு வளர அவகாசம் கொடுக்கப்பட்டதா என்பதை யாரும் கேட்பதில்லை.

பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதே போதும் என்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் நம்புகிறார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே மாநிலத்தின் மில் லாக்ஸ் ஏரியில் வோல்ஐ குறைந்ததால் 2015இல் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அதன் பிடி நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு பிடித்தவற்றையெல்லாம் திரும்ப விட வேண்டும் என்றார்கள். ஆனால் சூடேறிய நீரில் தூண்டிலோடு போராடிக் களைத்த மீனில் ஒரு பங்கு, விட்ட பிறகும் செத்துப்போகிறது என்பதால், அப்படிச் சாகும் மீனையும் பிடிக் கணக்கிலேயே சேர்த்தார்கள். ஆழத்திலிருந்து விரைந்து மேலே இழுக்கப்பட்ட வோல்ஐ, காற்றுப்பை உப்பிப் புரண்டு மிதப்பதை நானே கண்டிருக்கிறேன். நம் குளத்து நீர் கோடை நடுப்பகலில் அந்த ஏரிகளைவிட எவ்வளவோ சூடானது. நடுப்பகலில் மீனைப் பிடித்து, கட்டின் சுடுகல்லில் கிடத்திப் படம் எடுத்து, பிறகு தண்ணீரில் எறிவது விடுதலை ஆகாது. காலையும் அந்தியும் மட்டும் பிடிப்பது, விடப்போகும் மீனை நீரிலிருந்து தூக்காமலே கொக்கி கழற்றுவது, கொக்கியின் முள்ளை நசுக்கிவிடுவது ஆகியவை பழகினால் எளிதில் கைவரும்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் உள்ளன. குளத்தில் இடும் செவுள் வலையின் கண்ணி, இழுத்துப் பிடித்த நிலையில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலைக்கும் தடை உண்டு. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை குளங்களில் குஞ்சு இடுவதோடு, குளந்தோறும் உள்ள மீனவர் சங்கங்களோடும் இணைந்து பணியாற்றுகிறது. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை முற்றாக விலக்கிக்கொண்டு 1994 வரை குளங்களைக் கைவிட்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆயினும் இவையெல்லாம் வலையைப் பற்றியவை. தூண்டிலைப் பற்றியும், காவல் நிற்கும் மீனைப் பற்றியும், நீர் வற்றும் மாதங்களில் மீன் ஒதுங்கும் பள்ளத்தைப் பற்றியும் குளக்கட்டில் நிற்கும் ஒருவர் வாசித்து அறிய ஒரு பலகை கூட இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பெருங்குளத்திலும் நீர்ப்பாசனப் பொறியியலாளர், மீனவர் சங்கம், விவசாயிகள் அமைப்பு ஆகியோர் கூடிச் சிறுபோகத்துக்கு நீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும்போதே, நீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் துருசடிப் பள்ளத்தில் வலை இடுவதை நிறுத்துவது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். அந்த மட்டத்தைத் துருசின் சுவரிலேயே சிவப்புக் கோடாகப் போட்டால் எழுத்தறியாதவருக்கும் விளங்கும். அந்தப் பள்ளத்தில் தப்பி நிற்கும் மீன்தான் ஐப்பசி மழையில் குளம் நிரம்பும்போது மீண்டும் பரவிப் பெருகும். குளத்து மீனவரின் வயிற்றில் அடிக்கும் யோசனை இது என்று எவரும் கருத வேண்டாம். குளத்தின் மற்றப் பகுதிகளில் சட்டப்படியான வலைக்குத் தடையில்லை. மேலும் நம் கிழக்குக் கரையில் கோடை கடல் அமைதியான காலம். சூடையும் கீரியும் சூரையும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் பள்ளத்து மீனை விட்டுவைப்பதால் நகரத்தார் எவரும் மீனின்றிப் போகமாட்டார்கள். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் குளத்து மீனுக்குத் தேவை மிகுதி. நல்ல விலையும் அப்போதுதான். கோடையில் விட்ட மீன் அந்த நேரத்தில் எடை கூடி, அதே மீனவரின் வலைக்கே வந்து சேரும்.

தூண்டில்காரருக்கு ஆளுக்கு இத்தனை என்ற ஒரு வரம்பை அந்தந்தக் குளத்துச் சங்கமே வகுக்கட்டும். கந்தளாய்க்குப் பொருந்துவது வெருகல் பக்கத்துச் சிறு குளத்துக்குப் பொருந்தாது. மூங்கில் கம்பும் மண்புழுவுமாய் வரும் ஊர்ப் பிள்ளைகளை அந்த வரம்பிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் பிடிக்கும் கெண்டையாலும் பனையேறியாலும் எந்தக் குளமும் வற்றியதில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஒரு சிறு கட்டணம் விதித்து, அந்தப் பணத்தைச் சங்கத்தின் காவல் தோணிக்குப் பயன்படுத்தலாம். ஒன்ராறியோவில் உரிமம் வாங்கிப் பழகிய பிள்ளைகள் இங்கே அதைக் கொடுக்கத் தயங்கமாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த சிறுபோகக் கூட்டங்களுக்கு முன்பாக மாவட்டச் செயலகமும் நீருயிரினச் செய்கை அதிகாரசபையின் மாவட்ட அலுவலர்களும் இதனை நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், முதற்கட்டமாகக் கந்தளாயிலும் முதலிக்குளத்திலுமாவது துருசடி எல்லைக்கோட்டையும், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அறிவிப்புப் பலகையையும் நிறுவ வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். குளத்தையே நம்பி வாழும் மீனவர் சங்கங்களின் தலைவர்கள் இதுபற்றித் தங்கள் கருத்தை இதே பகுதியில் எழுதினால், நான் அறியாத நடைமுறைச் சிக்கல்களையும் அறிந்துகொள்வேன்.

இங்ஙனம்,
குளத்து மீன்பிடியில் ஈடுபாடுள்ள வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.